இரண்டடித் தொட்டிக்கு என்ன மண்?

கேள்வி: வெள்ளவத்தையில் மாடி வீடு. இரண்டடி நீளம், ஓரடி அகலமான தொட்டியில் கிரிப்டோகொரைன், வலிஸ்னேரியா, ஜாவா ஃபேர்ன் என்ற நீர்ச்செடிகளை வைத்துக் கப்பி மீன் விட ஆசை. அக்வா சொயில் போடாமல் செடி வராது என்கிறார் கடைக்காரர். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வீடு கட்டும் மணல் போதாதா?

பதில்: போதும். பணம் இருந்தாலும் உங்கள் தொட்டிக்கு நான் மணலைத்தான் சொல்வேன். காரணம், நீங்கள் விடப்போகும் மீன்.

அக்வா சொயில் என்பது சூட்டில் இறுக்கிய மண்ணுருண்டைகள். சத்து நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சி, பிஎச் எனும் அமில-கார அளவையும் கீழே இறக்கிவிடும். களனி கங்கை, லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்கள் என்று கொழும்பில் நமக்கு வரும் குழாய்த்தண்ணீர் ஏற்கெனவே மென்மையானது. யாழ்ப்பாணத்துக் கேத்தல்களின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியுமே, இங்கே அப்படிப் படிவதில்லை. கப்பிக்கும் வலிஸ்னேரியாவுக்கும் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் ஒத்துவரும். இருப்பதையும் மண் இழுத்துக்கொண்டால் இரண்டும் வாடும். போதாததற்கு, பல அக்வா சொயில்கள் முதல் சில வாரங்கள் மீனுக்கு நஞ்சான அமோனியாவைக் கக்கும். ஓரிரு வருடத்தில் சத்தும் தீர்ந்துவிடும்.

சரி, எந்த மணல்? ஆற்று மணல் என்று கேட்டு வாங்குங்கள். கட்டட வேலைக்குக் கடல் மணலும் விற்கிறார்கள், அது வேண்டாம். அரிதட்டில் அரித்துத் தூளையும் பெரிய கற்களையும் ஒதுக்கி, ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் வரையுள்ள பருமணலை மட்டும் எடுங்கள். மாவு போன்ற மணல் இறுகிப்போகும்; உள்ளே காற்றுப் புகாமல் கறுத்து, கிளறினால் கூழ்முட்டை நாற்றம் வரும். அப்புறம் வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பத்துத் தடவையாவது ஆகும், பொறுமை வேண்டும்.

ஒரு பிடி மணலில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் கலந்திருக்கிறது. உங்கள் கப்பிக்கு அது விஷமில்லை, ஆனால் எவ்வளவு சுண்ணாம்பு கரைகிறது என்பது நம் கையில் இருக்காது. கடினத்தன்மை வேண்டுமென்றால் நாலைந்து பவளத்துண்டுகளைச் சிறு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள், கூடிவிட்டால் எடுத்துவிடலாம்.

60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 5 உயரம் என்று போட்டால் ஒன்பது லீற்றர் மணல், ஏறக்குறைய 15 கிலோ. பின்பக்கம் ஏழு, முன்பக்கம் மூன்று சென்ரிமீற்றர் என்று சரிவாகப் பரப்பினால் பார்க்கவும் அழகு, வேருக்கும் இடம்.

மணலில் சத்து இல்லை என்பதில் மட்டும் கடைக்காரர் சொல்வது சரி. அதற்குத்தான் ரூட் டப் எனும் உரவில்லைகள். கிரிப்டோகொரைன் பெரும்பாலும் வேரால் சாப்பிடும் செடி. ஒரு சாண் இடைவெளியில் ஒவ்வொரு வில்லையாக அடிவரை அமுக்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வையுங்கள். ஜாவா ஃபேர்னுக்கு மண்ணே தேவையில்லை. தண்டைப் புதைத்தால் அழுகிவிடும், மரக்கட்டையில் நூலால் கட்டிவிடுங்கள்.

கிரிப்டோகொரைனில் வெண்ட்டி, பெக்கெட்டி, பார்வா போன்றவை இலங்கைக்கே உரியவை. மணலும் சரளையும் கிடக்கும் ஓடைகளில் வளர்பவை. அதற்காக ஓடையில் போய்ப் பிடுங்கி வராதீர்கள். நாற்றுப்பண்ணைச் செடி தாராளமாகக் கிடைக்கிறது. நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கண்ணாடிபோல் ஆகிக் கரையக்கூடும். மணலைக் குறைசொல்லிப் பிடுங்க வேண்டாம். இடம் மாறினால் அந்தச் செடி செய்வது அதுதான். கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டு வேரைத் தொடாமல் விடுங்கள், சில வாரங்களில் புதுக் குருத்து வரும்.