நான்கு சக்கரமும் சுழன்றதா? இறங்கிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் நான்கு சக்கர இயக்கமுள்ள டபுள் கேப் பிக்கப் இருக்கிறது. வார நாள்களில் குளிரூட்டிப் பழுதுபார்ப்பு வேலைக்குச் சாமான் ஏற்றுகிறேன். ஜொகூரில் கஹாங் பக்கம் என் தாய்மாமாவுக்குச் சிறிய செம்பனைத் தோட்டம் உண்டு. சென்ற மாதம் மழை விட்ட மறுநாள் அங்கே போனபோது செம்மண் ஏற்றத்தில் வண்டி பாதியில் சிக்கிக்கொண்டது. 4எச் (4H, நான்கு சக்கரத்துக்கும் உந்துதல் தரும் வழக்கமான வேக நிலை) போட்டிருந்தேன். நான்கு சக்கரமும் சுழன்றன, வண்டி நகரவில்லை. டிராக்டர் வந்துதான் இழுத்தது. இங்கே ஒரு பட்டறையில் விசாரித்தால் சேற்றுக்கான மட் டயர், வண்டியை 2 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் மூன்றையும் ஒரே தொகுப்பாகப் பொருத்த வேண்டும் என்கிறார்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். சிங்கப்பூரிலும் மழை நாளில் 4எச்-இல் ஓட்டுவதே பாதுகாப்பு என்றும் சொன்னார்கள். செய்யலாமா? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். மழை நாளில் தார்ச்சாலையில் 4எச் போடவும் வேண்டாம். உங்கள் வண்டி சிக்கியதற்குப் பெரும்பாலும் காரணம், டயரில் இருந்த அளவுக்கு மீறிய காற்று. அதை இறக்க ஒரு காசும் செலவில்லை. அதனால்தான் எந்தப் பட்டறையும் அதைச் சொல்வதில்லை.

நான்கு சக்கர இயக்கம் பிடிமானத்தை உண்டாக்குவதில்லை. எஞ்சின் தரும் உந்துதலை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. மண்ணைப் பிடிப்பது டயர். சாமான் ஏற்றும் வண்டி என்பதால் 35 பிஎஸ்ஐ அல்லது அதற்கு மேலும் காற்று வைத்திருப்பீர்கள். நெடுஞ்சாலைக்கு அது சரி. ஈரச் செம்மண்ணில் அவ்வளவு காற்றோடு ஏறினால் விறைத்து நிற்கும் டயர் மண்ணில் மிகச் சிறிய இடத்தையே தொடுகிறது. ஜொகூரின் செம்மண் களிச்சத்து மிகுந்தது. டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர்க் கட்டிகளான பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களை இரண்டு சுற்றில் அது அடைத்துவிடும். அப்புறம் அது மாவு அப்பிய சப்பாத்திக் கட்டைதான். பட்டன் இருந்தும் இல்லாத கணக்கு.

காற்றை 20 முதல் 22 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் தளர்ந்து, தரையைத் தொடும் பகுதி நீளமாகிறது. அகலமாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கூடுவது பெரும்பாலும் நீளம்தான். பட்டன்களும் வளைந்து கொடுப்பதால், அடைத்த சேறு சுற்றுக்குச் சுற்று உதிர்கிறது. தோட்டத்து மண்சாலை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். வால்வு மூடியைக் கழற்றி, நடுவிலுள்ள ஊசியை ஒரு சிறு குச்சியால் அழுத்துங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு முறை அளவுமானி வைத்துப் பாருங்கள். காதால் கேட்டுக் கணக்கிடுவதெல்லாம் ஆகாத வேலை. நெடுஞ்சாலையிலிருந்து வந்த டயர் சூடாக இருக்கும். அளவு மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 15-க்குக் கீழே போகாதீர்கள். டயரின் உள்விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும். திரும்பும்போது, தார்ச்சாலையில் வேகமெடுக்கும் முன்பு, பழைய அளவுக்குக் காற்று நிரப்பியே ஆக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் பக்கவாட்டில் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். ஆகவே பேட்டரியில் ஓடும் சிறிய காற்று கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் அதுதான்.

அடுத்தது, நான்கு சக்கரமும் சுழன்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அப்படித்தான் தோன்றும். வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தால், அநேகமாக மூலைவிட்டமாக இரண்டுதான் சுழன்றிருக்கும்: முன்னே இடது, பின்னே வலது என்பதுபோல. திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் அச்சிலும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பை வைத்திருக்கிறார்கள். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் அது சுழலவிடும். எந்தச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதோ அது வெறுமனே சுழல, பிடிமானமுள்ள மறு சக்கரத்துக்கு உந்துதல் போய்ச் சேருவதில்லை. பாதையில் ஒரு குழி, எதிர்ப்புறம் ஒரு மேடு இருந்தால் போதும், நான்கு சக்கர வண்டி நடைமுறையில் இரண்டு வெற்றுச் சக்கர வண்டியாகிவிடும்.

இதற்குத்தான் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகவே சுழலவைக்கும் பின்னச்சுப் பூட்டு (டிஃப் லாக்). உங்கள் வண்டியில் டிஃப் லாக் பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிக்கப் வைத்திருக்கும் பலருக்கு அது தங்கள் வண்டியில் இருப்பதே தெரியாது. இருந்தால், வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து 4எல் (4L, நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான, வலுக்கூடிய நிலை) போட்டு, ஏற்றம் தொடங்கும் முன்பே பூட்டைப் போடுங்கள். சிக்கிய பிறகு போடுவது காலம் கடந்த ஞானம். பூட்டு போட்டிருக்கும்போது நேராகவே போங்கள், திருப்பம் வந்தால் எடுத்துவிடுங்கள். பொத்தான் இல்லாத வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தால், சுழலும் சக்கரத்தை அது பிரேக் பிடித்து மறு சக்கரத்துக்கு வேலை கொடுக்கும். ஆனால் அது வேலைசெய்ய, ஆக்ஸிலரேட்டரில் காலைச் சீராக வைத்திருக்க வேண்டும். கடகடவென்ற சத்தத்தில் பயந்து காலை எடுப்பவர்கள்தான் அதிகம்.

ஏற்றத்தில் முடியவில்லை என்றால் வண்டியைத் திருப்ப முயலாதீர்கள். சரிவில் குறுக்கே நிற்கும் வண்டி உருளும். ரிவர்ஸ் கியரில், கிளட்சை மிதிக்காமல், வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். சக்கரம் சுழன்றும் நகரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். இன்னும் பத்து விநாடி மிதித்தால் அச்சுவரை புதைந்துவிடும். அப்புறம் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

இப்போது தார்ச்சாலை. பிக்கப்களின் 4எச்-இல் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டப்படுகின்றன. நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் ஓட வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும். தாரில் வழுக்காது, ஈரத் தாரிலும் போதிய பிடிமானம் உண்டு. ஆகவே முறுக்கம் முழுவதும் இயக்கத் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறுகிறது. பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் வளைவுப் பாதையில் 4எச்-இல் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஸ்டியரிங் கனக்கும், வண்டி தத்தும், பிறகு 2எச்-க்கு (2H, இரு சக்கர இயக்கம்) மாறவே மறுக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் நேராகச் சில மீட்டர் பின்னால் போங்கள், முறுக்கம் தளரும். மழையில் பாதுகாப்பு என்ற பேச்சும் தவறு. பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. 4எச் போட்டதால் தீவு விரைவுச்சாலையில் நீங்கள் ஓரடி முன்னதாகக்கூட நிற்கப் போவதில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை விவரமாகவே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிட்சுபிஷி டிரைட்டன் வைத்திருப்பவர்கள் கடிதம் எழுதுவார்கள். டிரைட்டனில் இரண்டு வகை அமைப்புகள் வருகின்றன. சூப்பர் செலக்ட் என்பதில் நடு டிஃபரன்ஷியல் உண்டு. அதனால் அதன் 4எச்-ஐத் தாரிலும் பயன்படுத்தலாம், மழையிலும் பயன்படுத்தலாம். அதிலும் 4எச்எல்சி, 4எல்எல்சி என்ற நிலைகளில் அந்த நடு டிஃபரன்ஷியல் பூட்டப்பட்டுவிடும், அவை தாருக்கு ஆகாது. ஈஸி செலக்ட் என்ற இன்னொரு வகையில் நடு டிஃபரன்ஷியல் இல்லை, அது மற்ற பிக்கப்களைப் போலத்தான். இரண்டும் பார்க்க ஒரே வண்டி. இந்த நிலைகளை மாற்றும் திருகியின் மேலுள்ள எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்: 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலை மட்டும் இருந்தால் ஈஸி செலக்ட். நான்கு நிலைகள் இருந்து, அவற்றில் இரண்டு எல்சி (Lc) என்று முடிந்தால் சூப்பர் செலக்ட். விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், திருகியை நம்புங்கள். உங்கள் நண்பரின் டிரைட்டன் மழையில் 4எச்-இல் ஓடுகிறது என்பதற்காக உங்கள் வண்டியில் செய்துபார்க்காதீர்கள்.

இனி அந்தத் தொகுப்புக்கு வருகிறேன். எனக்குப் பொறுமை போவது இங்கேதான்.

மட் டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. பள்ளங்கள் அகலமானவை, சேறு எளிதில் உதிரும். ஆனால் நீங்கள் வார நாளெல்லாம் சிங்கப்பூர்த் தாரில் ஓடுகிறீர்கள். ஈரத் தாரைப் பிடிக்கும் நுண்கீறல்கள் மட் டயரில் குறைவு. மழையில் நிற்கும் தூரம் கூடும், இரைச்சல் காதை அடைக்கும், தேய்மானமும் சீக்கிரம். உங்களுக்குத் தேவை ஏடி எனப்படும் பலநிலப் பயன்பாட்டு டயர். வண்டியுடன் வந்த அதே அளவில், சுமைக் குறியீடு குறையாமல், நான்கும் ஒரே தயாரிப்பு ஒரே ரகமாக வாங்குங்கள். முன்னே பாதி தேய்ந்தது, பின்னே புதியது என்று கலந்து போட்டால் 4எச்-இல் நேர்ச்சாலையிலேயே முறுக்கம் ஏறும்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற குறிக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தொகுப்பு விற்பவர்களிடம் பழைய சரக்கு மெருகெண்ணெய் பூசி மினுமினுவென்று காத்திருக்கும். சில சமயம் அந்த எண் உள்ள பக்கத்தை வண்டியின் உட்புறமாக வைத்து மாட்டிவிடுவார்கள். மாட்டுவதற்கு முன்பே கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

லிஃப்ட் விவகாரம் இன்னும் மோசம். டயர் சக்கர வளைவுக்கு வெளியே நீட்டக் கூடாது என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. வண்டியின் உயரத்தை மாற்றுவதாக இருந்தால் அனுமதி தேவையா என்று ஆணையத்திடம் நீங்களே கேட்க வேண்டும், பட்டறையிடம் அல்ல. பட்டறை என்ன சொல்லும் தெரியுமா? “வாகனச் சோதனை நாளன்று பழைய டயரை மாட்டித் தருகிறோம், மறுநாள் மாற்றிவிடலாம்.” இதற்கு வாடகை டயர் வைத்திருப்பவர்களும் உண்டு. சோதனையில் தப்பிவிடுவீர்கள். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து நிற்கும்போது அந்தப் பட்டறைக்காரர் அங்கே இருக்க மாட்டார். ‘எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பவரிடம் அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

சோதனை முறையும் இவர்களுக்குத் துணைபோகிறது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருந்தால் டயர் தேறிவிடும். தாருக்கே அது விளிம்பு, செம்மண்ணில் அது மொட்டை டயர். மூன்றாம் வகுப்பு உரிமத்துக்கு வளைவுப் பாதையும் இணை நிறுத்தமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே உரிமத்தோடு பிக்கப் ஓட்டலாம். 4எல் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வண்டியின் பின்னால் வேக வரம்பு வில்லை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் டயரில் எவ்வளவு காற்று என்று கேட்டதுண்டா? கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் விற்க ஆள் வந்துவிடுகிறான்.

வின்ச் உங்களுக்கு வேண்டாம். மலேசியாவில் 1997 முதல் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிப் படங்களைக் காட்டி விற்பார்கள். அந்த வண்டிகள் போவது பாதையே இல்லாத காட்டில். நீங்கள் போவது அத்தை சோறு வடித்து வைத்திருக்கும் தோட்டத்துக்கு. டயருக்கு அடியில் திணிக்கும் இரண்டு பிடிமானப் பலகைகள், ஒரு மண்வெட்டி, நீண்டு சுருங்கும் மீட்புக் கயிறு ஒன்று, கயிற்றை வண்டியோடு கோக்கும், எடை தாங்கும் ஷாக்கிள் வளையம் இரண்டு போதும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மாமாவைச் சாலைவரை வரச்சொல்லிவிடுங்கள். எல்லை தாண்டும் அனுமதி, காப்புறுதி எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். காப்புறுதிப் பத்திரத்தில் பொதுச்சாலைக்கு வெளியே ஓட்டுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

டிராக்டர் இழுத்தபோது கயிற்றை எங்கே மாட்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வண்டியின் பின்னால் டிரெய்லரைக் கோக்கும் அந்த உருண்டையில் மாட்டியிருந்தால் இனி ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். இழுவிசையில் அது முறிந்தால் கயிற்றோடு பறந்து வரும், கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொன்ற விபத்துகள் உண்டு. அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய, மீட்புக்கென்றே அமைத்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டிலும் அதன் அருகிலும் ஒருவரும் நிற்கக் கூடாது, மாமாவே ஆனாலும். எங்கே மாட்டி இழுத்தார்கள் என்று அவரைக் கேளுங்கள். தவறான இடம் என்றால், அடுத்த பயணத்துக்கு முன் வண்டியைத் தூக்கி அந்த இடத்தில் விரிசலோ வளைவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொகுப்பு விற்காத வேறு பட்டறையில்.