கட்டுண்ட காய் காவல் காக்காது

ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அலைபேசியில் தினமும் சதுரங்கப் புதிர்களை மளமளவென்று தீர்க்கிறாள். தருமபுரியில் போட்டிக்கு உட்கார்ந்தால் மட்டும் குதிரையையும் யானையையும் சும்மா பறிகொடுக்கிறாள். திட்டாமல் இருக்க முடியவில்லை. எந்தச் செயலி, எந்தப் புத்தகம் உதவும்?

ச., பாலக்கோடு

அன்புள்ள ச. அவர்களுக்கு,

செயலி எதுவானாலும் சரி. புத்தகத்துக்கு இப்போது அவசரமில்லை. தோற்றுவிட்டு வரும் குழந்தையைத் திட்டுவதை முதலில் நிறுத்துங்கள். காய் பறிபோன கணத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீங்கள் உங்கள் ஏமாற்றத்தை அவள் தலையில் இறக்கிவைக்கிறீர்கள்.

புதிரில் வெற்றி ஒளிந்திருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பலகையில் யாரும் சொல்வதில்லை. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் கணக்கெழுதிய பெரியவர் ஒருவர்தான் எனக்கு ஆட்டம் கற்றுத்தந்தார். நான் காயை நகர்த்திக் கையை எடுத்ததும், "எங்க போச்சுன்னு பாக்கற, எதை விட்டுட்டுப் போச்சுன்னு பாத்தியா தம்பி?" என்பார். ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), பின் (அசைந்தால் பின்னால் நிற்கும் பெரிய காய் அகப்படும்படி ஒரு காய் கட்டுண்டு நிற்பது) என்ற பெயர்களை ஒரே மாலையில் படித்துவிடலாம். அந்தக் கேள்வி பழக்கமாவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

1858இல் பாரிஸ் ஆப்பரா அரங்கில், பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசி ஆடிய கறுப்பு அணியை அமெரிக்கச் சதுரங்க வீரர் பால் மார்ஃபி 17 நகர்த்தல்களில் வென்றார். 16ஆவதில் அவர் ராணியைக் கொடுத்ததையே எல்லோரும் வியக்கிறார்கள். நீங்கள் கறுப்பு தன் 12ஆவது நகர்த்தலை ஆடி முடித்ததும் நிறுத்திப் பாருங்கள். டி7இல் (டி வரிசையின் ஏழாம் கட்டத்தில்) நிற்கும் கறுப்புக் குதிரைக்கு ராஜா, ராணி, டி8 யானை, எஃப்6 குதிரை என நான்கு காவல் இருப்பதாகத் தோன்றும். மார்ஃபி யானையால் அதை வெட்டுகிறார். அவரது பி5 மந்திரி அந்தக் கட்டத்தைக் காப்பதால் ராஜா வெட்ட முடியாது. ராணி வெட்டினால் ராணியே போய்விடும். எஃப்6 குதிரை அசைந்தால் அதன் பின்னால் நிற்கும் ராணி ஜி5 மந்திரிக்கு இரையாகும். மிஞ்சிய டி8 யானை வெட்டியதும், அதுவே பி5 மந்திரியின் பார்வையில் ராஜாவோடு கட்டுண்டு, அசைய முடியாமல் போகிறது. கட்டுண்ட காயைக் காவலாக எண்ணுவதுதான் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை.

முடிவில் பி8இல் வந்து நின்ற ராணியைக் கறுப்புக் குதிரை வெட்டியே ஆகவேண்டியிருந்தது. அது விட்டுச்சென்ற டி வரிசையில் ஏறிய யானை ஆட்டத்தை முடித்தது. பெரியவரின் கேள்வி அங்கேயும் நிற்கிறது.

அலைபேசியை அணைத்துவிட்டு, பலகையில் அந்த 12ஆவது நிலையை அடுக்கிவைத்து, டி7 குதிரைக்கு உண்மையான காவல் எத்தனை என்று மகளையே எண்ணச் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் நீங்கள் வாய் திறக்காதீர்கள்.