நியூசிலாந்தில் வாலபிகளை ஏன் வேட்டையாடுகிறார்கள்? அந்த இறைச்சியை எப்படிச் சமைப்பது?

வாலபி என்பது கங்காருக் குடும்பத்தைச் சேர்ந்த, உருவில் சிறிய விலங்கு. தாயகம் ஆஸ்திரேலியா. 1874-இல் நியூசிலாந்தின் வைமேட் என்ற ஊர் அருகே பென்னட் வாலபி என்ற வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றைத் தின்னும் பெரிய விலங்கு அங்கே எதுவும் இல்லை, பெருகிவிட்டன. ஆடுகளுக்கான புல்லை மேய்வதோடு காட்டின் இளங்கன்றுகளையும் தின்றுவிடுகின்றன. முதிய மரம் ஒன்று விழுந்தால் அந்த இடத்தை நிரப்ப அடுத்த தலைமுறை மரம் இருக்காது. புல்லைவிட இதுவே பெரிய இழப்பு என்பேன். அதனால்தான் சட்டம் வாலபியைத் தீங்கு செய்யும் விலங்காக வகைப்படுத்தி, வேட்டையை அனுமதிக்கிறது.

கொன்றதை அழுகவிடாமல் உண்பதே நியாயம். இறைச்சி கருஞ்சிவப்பு, கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே கோழியின் நெஞ்சுக்கறியைப் போலச் சற்று அதிகம் வெந்தாலே வறண்டுவிடும். முதுகுச் சதையை எண்ணெய் தடவி, நல்ல சூட்டில் சில நிமிடம் மட்டும் வாட்டுங்கள். பின்னங்காலையும் வாலையும் வெங்காயம், தக்காளியோடு குழம்பாக்கி, சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவிடுங்கள்.

தொல்லை தரும் விலங்கு என்பதால் அதன் இறைச்சியும் கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது புல்லும் இலையும் தின்று வளர்ந்த விலங்குதான், ஆனால் நஞ்சு வைத்த பகுதிகளில் சுட்டதை விலக்க வேண்டும்.