சொரியாசிஸ் மூட்டுவலி: பயோலாஜிக் ஊசியைப் பாதி விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: வயது 44. பத்து வருடங்களாக சொரியாசிஸ். ஒரு வருடமாக விரல் மூட்டுகளும் குதிகாலும் வலிக்கின்றன. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையில் பெரிய பலன் இல்லை. டாக்டர் பயோலாஜிக் ஊசி போடச் சொல்கிறார். அது எதிர்ப்பு சக்தியையே அழித்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அப்பாவுக்கு முன்பு டிபி வந்து குணமானது. தெரிந்தவர் ஒருவர் அதே ஊசியைப் பாதி விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் டாக்டர் சொல்வது சரியான யோசனை. பாதி விலைக்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.

முதலில் மூட்டு. தோலில் வரும் செதில், சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் தழும்பில்லாமல் மறைந்துவிடும். மூட்டு எலும்பு அரிக்கப்பட்டால் திரும்ப வளராது. அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறோம். ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்குப் பார்க்கும் பரிசோதனை) நெகட்டிவ் என்பதைக் காட்டி, "உங்களுக்கு வாதமே இல்லை" என்று திருப்பி அனுப்பும் இடங்கள் இன்னமும் இருக்கின்றன. சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஒரு விரல் முழுக்கத் தடித்து வீங்குவது, நகத்தில் சிறுசிறு குழிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எதிர்ப்பு சக்தி முழுவதையும் இந்த ஊசி அணைத்துவிடாது. உடலில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்., ஐ.எல்.-17, ஐ.எல்.-23 போன்ற புரதங்களில் ஏதாவது ஒன்றைக் குறிவைத்துத் தடுக்கும். தொற்று வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதைக் கவனித்துச் சமாளிக்கலாம்.

டிபி விஷயம் வேறு. இதை நிதானமாகப் படியுங்கள். நம் நாட்டில் ஏராளமானவர்களின் உடலில் டிபி கிருமி நோய் காட்டாமல் உறங்கிக்கிடக்கிறது. அதைச் சுற்றி உடல் எழுப்பும் மதிலுக்கு டி.என்.எஃப். தேவை. அடலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற பயோலாஜிக் ஊசிகள் அதையே தடுப்பதால் கிருமி விழித்துக்கொள்ளலாம். எனவே ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்-ரே, டிபிக்கான மேன்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை கட்டாயம். கூடவே ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் வேண்டும். உறங்கும் டிபி தெரிந்தால் ஊசியே கிடையாது என்று நினைக்காதீர்கள். தடுப்பு மாத்திரை தொடங்கி, பொதுவாக ஒரு மாதம் கழித்து ஊசியை ஆரம்பிக்கலாம். ஏற்கனவே மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதால் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டவும் கூடும். அதனால் ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் அப்பாவின் டிபியை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். செகுகினுமாப் போன்ற ஐ.எல்.-17 ஊசிகளிலும் ஐ.எல்.-23 ஊசிகளிலும் இந்த ஆபத்து மிகக் குறைவு, உங்களுக்கு அவை பொருந்துமா என்று கேளுங்கள். எந்த ஊசியானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு வந்தால் அடுத்த டோஸுக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

பாதி விலைக்கு விற்பவர் இதில் எதையாவது கேட்பாரா? இந்த மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. வெயிலில் கெட்டுப்போன ஊசி பல சமயம் பார்வைக்கு நல்லதுபோலவே தெளிவாக இருக்கும். அவர் கொண்டுவருவது சிகிச்சையை நிறுத்திவிட்ட யாரோ ஒரு நோயாளியின் மிச்சமா, காலாவதி நெருங்கியதா, பையில் வைத்து பஸ்ஸில் வந்ததா, உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பேட்ச் எண்ணுடன் பில், ஐஸ் பெட்டியில் டெலிவரி, இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த ஊசியைத் தொடாதீர்கள்.

விலை குறைய நேர்வழி உண்டு. பயோசிமிலர் என்பது மூல பயோலாஜிக் மருந்தைப் போலவே வேறு நிறுவனம் தயாரிப்பது. அடலிமுமாபின் உலகின் முதல் பயோசிமிலர் 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. பிறகு வேறு நிறுவனங்களும் தயாரிக்கத் தொடங்கின. சில கம்பெனிகளுக்கு நோயாளி உதவித் திட்டமும் இருக்கிறது, டாக்டரிடமே நேரடியாகக் கேளுங்கள், நடுவில் ஆள் தேவையில்லை. கையில் பணம் இருக்கும்போது போட்டு, இல்லாதபோது விடுவதும் கூடாது. உடல் அந்த மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாக்கி, பிறகு அது பலிக்காமல் போகலாம். ஒரு வருடச் செலவை எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

காப்பீடு இருக்கிறதா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாலிசியிலிருந்து விலக்கக்கூடாத நவீன சிகிச்சைகளில் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசியும் (அடலிமுமாப், செகுகினுமாப் எல்லாம் இந்த வகைதான்) ஒன்று. அப்படியிருந்தும் "24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை" என்று கிளைமைத் தள்ளுபடி செய்கிறார்கள். பத்து நிமிட ஊசிக்கு ஒருவரை ஏன் ஒரு நாள் முழுக்கப் படுக்க வைக்க வேண்டும்? நோயாளியை அலையவிடும் இந்த வழக்கம் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. டே கேர் சிகிச்சையாக (மருத்துவமனையில் போட்டுக்கொண்டு அன்றே வீடு திரும்புவது) போட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி வாங்குங்கள். வீட்டில் நீங்களே போட்டுக்கொண்டால் பணம் கிடைப்பது கடினம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், அங்கே தீராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் அனுப்புங்கள். கட்டணம் கிடையாது.

அதுவரை மெத்தோட்ரெக்ஸேட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான் அந்த மாத்திரை, தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கை, கால் எக்ஸ்-ரேயை இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.