வாசகர் கேள்வி – பதில்: திங்களுக்கு ஒரு டிக்கெட், வியாழனுக்கு ஒரு டிக்கெட்

கேள்வி: குடும்பம் நங்கநல்லூரில், வேலை மும்பை அந்தேரியில். திங்கள் அதிகாலை விமானத்தில் போய், வியாழன் இரவு திரும்புகிறேன்; வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. ஆண்டில் 44 வாரங்கள் இப்படிப் போகின்றன. பயணத்துக்கென்று அலுவலகம் மாதந்தோறும் ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுகிறது. மிச்சம் பிடித்தால் அது எனக்கு. இரண்டு ஆண்டுகளாக ஒரே விமான நிறுவனத்தில், இருக்கைத் தேர்வும் தேதி மாற்றும் வசதியும் சேர்ந்த டிக்கெட்டைச் சராசரியாக 5,800 ரூபாய்க்கு வாங்கி வருகிறேன். அவர்களுடைய உறுப்பினர் திட்டத்தில் இரண்டாம் படியில் இருக்கிறேன். சென்ற ஆண்டு சேர்ந்த புள்ளிகளுக்கு மூன்று டிக்கெட்டுகள் கிடைத்தன, வரியை மட்டும் கட்டினேன். என்னுடன் வேலை செய்பவரோ அந்தந்த வாரம் எது மலிவோ அதில் ஏறிவிடுகிறார். அவருக்குச் சராசரி 4,700 ரூபாய்தான் ஆகிறது. ஆனால் இருக்கைக்கு 300 ரூபாய், தேதி மாற்றினால் ஏறக்குறைய 3,000 ரூபாய் தனி. கூட்டம் நீண்டுபோய் மாதத்துக்கு ஒரு முறை என் வியாழன் பயணம் வெள்ளிக்குத் தள்ளிப்போகிறது. எங்கள் இருவரில் யார் செய்வது சரி?

– ஒரு வாசகர், சென்னை 61

பதில்: இருவருமே பாதிதான் சரி. எந்தப் பாதி என்பதை உங்கள் கடிதத்தில் உள்ள எண்களே சொல்லிவிடுகின்றன.

டிக்கெட்டுக்கு 1,100 ரூபாய் வித்தியாசம் என்றால், ஆண்டுக்கு 88 பயணங்களில் 96,800 ரூபாயை நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதற்கு ஈடாகக் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். மூன்று இலவச டிக்கெட்டுகளை 5,800 வீதம் மதிப்பிடத் தோன்றும், அது தவறு. புள்ளி இல்லாவிட்டால் அந்த மூன்று நாட்களும் நண்பரைப்போல 4,700 ரூபாய் டிக்கெட்டில் போயிருக்கலாம். அதிலும் வரியையும் நிலையக் கட்டணத்தையும் நீங்களே கட்டினீர்கள். அதற்கு 800 ரூபாய் கழித்தால் ஒரு டிக்கெட் 3,900, மூன்றும் சேர்ந்து 11,700. இருக்கைக்கு 88 முறை 300 வீதம் 26,400. நடு இருக்கையில் இரண்டு மணி நேரம் முழங்கையை மடக்கிக்கொண்டு உட்காரச் சம்மதிப்பவருக்கு இந்தத் தொகை பூச்சியம்தான். ஆனால் வாரந்தோறும் பறப்பவருக்கு அது ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். பதினொரு முறை தேதி மாற்றியதில் மிஞ்சியது 33,000. புதிய தேதிக்கான கட்டண வித்தியாசத்தை எந்த டிக்கெட்டாக இருந்தாலும் கட்டத்தான் வேண்டும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் கைக்கு வந்தது 71,100 ரூபாய். 25,700 ரூபாய் நட்டம்.

இப்போது இதே கணக்கைத் திங்களுக்கும் வியாழனுக்கும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். திங்கள் பயணத்தை நீங்கள் மாற்றியதே இல்லை. அந்த 44 டிக்கெட்டுகளுக்கு 48,400 ரூபாயை அதிகம் கொடுத்து, இருக்கை, புள்ளி என்ற வகையில் 19,050 ரூபாயை மட்டுமே திரும்பப் பெறுகிறீர்கள். வியாழனில் அதே 48,400 ரூபாய்க்கு, தேதி மாற்றமும் சேர்ந்துகொள்வதால், 52,050 ரூபாய் திரும்புகிறது. ஆகவே போகும்போது நண்பரைப் பின்பற்றுங்கள். திரும்பும்போது உங்கள் வழக்கத்தை விடாதீர்கள். அப்படிச் செய்தால் ஆண்டுக்கு 29,350 ரூபாய் மிஞ்சும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். வியாழன் டிக்கெட்டில் உங்களைக் காப்பாற்றியது உறுப்பினர் அட்டை அன்று, டிக்கெட்டின் வகை. தேதி மாற்றும் வசதியுள்ள டிக்கெட்டைப் புதிதாக வருபவரும் வாங்கலாம். நிறுவனத்தின் மேல் உள்ள பற்று என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி இதுதான்.

திங்கள் பயணங்கள் கைமாறினால் இரண்டாம் படியிலிருந்து இறங்க நேரிடலாம். இறங்கட்டும். வீட்டிலேயே வெப் செக்கின் செய்துவிட்டு, ஒரு தோள்பையுடன் வருபவருக்குக் கூடுதல் லக்கேஜும் முன்னுரிமைக் கவுண்டரும் எதற்கு? நிலையத்தின் ஓய்வறைக்குள் (லவுஞ்ச்) நுழைய இன்று பல கிரெடிட் கார்டுகளே போதும். சென்னையிலும் மும்பையிலும் டிஜியாத்ரா வாசலில் முகத்தைக் காட்டிவிட்டு எல்லாரும் ஒன்றாகத்தான் உள்ளே போகிறோம். திங்கள் காலை ஐந்து மணிக்கு மீனம்பாக்கத்தில், பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு நிற்கும் அந்த வரிசையில் எவருடைய அட்டைக்கும் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மலிவு டிக்கெட் வாங்கும்போது, எந்த நிலையத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையமும் இயங்குகிறது. அந்தேரிக்குப் பக்கத்தில் இருப்பது பழைய சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையம். டிக்கெட்டில் எழுநூறு ரூபாய் மிச்சம் பிடித்து நவி மும்பையில் இறங்கினால், திங்கள் காலை நெரிசலில் டாக்ஸிக்காரரிடம் அதற்கு மேலும் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக் கூட்டத்துக்கும் தாமதமாகப் போய்ச் சேருவீர்கள்.

வியாழன் இரவுக்கு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கப் புள்ளியை அளவுகோலாக வைக்காதீர்கள். அந்தத் தடத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் அவர்களுக்கு எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு நகரங்களைத் தொட்டு வருவதால், காலையில் எங்கோ தொடங்கிய அரைமணித் தாமதம் இரவுக்குள் இரண்டு மணியாக வளர்ந்துவிடுகிறது. இரவெல்லாம் நிலையத்திலேயே நின்ற விமானம் கிளம்புகிற அதிகாலைச் சேவைக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஒரு விமானம் ரத்தானால், நிறுவனம் முதலில் தன்னுடைய அடுத்த விமானத்தில்தான் இடம் தேடும். நாளுக்கு ஒரே சேவை வைத்திருப்பவரின் அடுத்த விமானம் மறுநாள்தான் வரும்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றிச்செல்லும் இண்டிகோ, விமானிகளின் பணிநேரம் குறித்த புதிய விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல், 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்களின் கட்டணம் தாறுமாறாக ஏறியதால், மத்திய அரசு உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்தது. சென்னை–மும்பை அடங்கும் 1,000 முதல் 1,500 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு அது 15,000 ரூபாயாக இருந்தது, வரிகள் தனி. எனவே வேறு இரண்டு நிறுவனங்களின் செயலிகளையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அவற்றின் உறுப்பினர் திட்டங்களிலும் சேர்ந்துவிடுங்கள். சேருவதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: அலுவலகச் செலவில் மாதம் இரு முறை கோவையிலிருந்து டெல்லி போய்வருகிறேன். இன்னும் ஒரே ஒரு முறை போய்வந்தால் அடுத்த படிக்கு ஏறிவிடலாம் என்று விமான நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. சொந்தப் பணத்தில் ஒரு முறை போய்வந்துவிடலாமா என்று ஆசையாக இருக்கிறது. கணவர் சிரிக்கிறார்.

– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வெளிநாட்டுப் பயணம் ஏதாவது திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். உங்கள் அட்டை ஏர் இந்தியாவுடையதாக இருந்து, அது தங்கப் படியை எட்டுமானால், அந்த நிறுவனம் 2014 முதல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டமைப்பில் இருப்பதால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா போன்றவற்றில் பறக்கும்போதும் ஓய்வறையும் கூடுதல் லக்கேஜும் கிடைக்கும். அடுத்த ஓராண்டில் குடும்பத்தோடு ஐரோப்பா போவதாக இருந்தால், அந்த ஒரு பயணத்தின் செலவு நியாயமானதாகிவிடலாம். கோவை–டெல்லி மட்டும்தான் என்றால் கணவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியபோது, பறந்த மைல்களை எண்ணித்தான் பரிசு கொடுத்தார்கள். இப்போது கொடுத்த ரூபாயை எண்ணுகிறார்கள்; ஏர் இந்தியாவும் 2024 ஏப்ரலில் அந்த முறைக்கு மாறிவிட்டது. மலிவு டிக்கெட்டில் எத்தனை முறை பறந்தாலும் படி மெதுவாகத்தான் ஏறும் என்பதால், அலுவலகப் பணத்தில் விலை கூடிய டிக்கெட்டை எடுக்கத் தூண்டும் வேலையையும் இந்தப் புள்ளிகள் செய்கின்றன. அலுவலகம் அனுமதித்த வரம்புக்குள் உங்களுக்கு வசதியான நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. நம் கணக்கில் புள்ளி ஏறுவதற்காக முதலாளியின் பணத்தில் ஆயிரம் ரூபாய் கூட்டி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புள்ளிகளைச் சேமிப்பாக எண்ணுவதும் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிற கதைதான். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. அதன் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால், உறுப்பினர்களுக்கு அந்த மட்டில் தப்பியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, புள்ளிகள் அங்கே மாறினவேயன்றி, பழகிய திட்டம் பழகியபடி இருக்கவில்லை. ஒரு காலத்தில் நானும் குடும்பத்தோடு அந்தமான் போவதற்கென்று மூன்று ஆண்டுகள் புள்ளிகளைச் சேர்த்தேன். விமான நிறுவனம் ஒருநாள் இரவோடு இரவாக, ஒரு டிக்கெட்டுக்குத் தேவையான புள்ளியின் அளவை உயர்த்தியது. நான்கு பேருக்கென்று சேர்த்தது இரண்டரைப் பேருக்கு ஆயிற்று. அரை ஆளை எப்படி அழைத்துப்போவது என்று என் மகள் கேட்டாள். ஒரு டிக்கெட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்தவுடன், அடுத்த பயணத்திலேயே செலவழித்துவிடுங்கள்.

கேள்வி: வேலை நிமித்தம் மதுரைக்கும் சென்னைக்கும் அடிக்கடி பறக்கிறேன். பணம் திரும்பாது என்று எழுதிய மலிவு டிக்கெட்டை வாங்கிவிட்டுச் சில வாரம் போகமுடிவதில்லை. முழுப் பணமும் போனதுதானா?

– ஒரு வாசகர், மதுரை

பதில்: முழுவதும் போகாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, நீங்கள் ரத்து செய்தாலும் சரி, போகாமலே இருந்துவிட்டாலும் சரி, அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டிலும் அரசு வரிகளையும், பயனர் மேம்பாட்டுக் கட்டணம் உள்ளிட்ட நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும். ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டவும் கூடாது. தானாக வரும் என்று காத்திருக்காமல், நிறுவனத்தின் இணையதளத்தில் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து விண்ணப்பியுங்கள். முகவர் வழியே வாங்கியிருந்தால் அவரிடம் கேளுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையதே. ஒரு டிக்கெட்டுக்குச் சில நூறு ரூபாய்தான் வரும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி பறப்பவரான நீங்கள், சென்ற ஆண்டு போகாமல் விட்ட டிக்கெட்டுகளை மின்னஞ்சலில் தேடி எண்ணிப் பார்த்துவிட்டு, விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.