நோட்ஸ்ல இல்லாத மழை

வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பெருந்துறை பக்கத்துல இருந்து எழுதறேங்க. உங்க எழுத்தை நாலு வருஷமா படிக்கறேன், கடிதம் எழுதறது இதான் முதல் தடவை. என் பொண்ணு ஒரு மெட்ரிக் பள்ளியில ஏழாவது படிக்கறா. போன மாசம் தமிழ் டெஸ்ட்ல "மழைநாள்"னு கட்டுரை கேட்டிருக்காங்க. அவ இப்படி ஆரம்பிச்சிருக்கா: "மழை பெஞ்சா எங்க வீட்டுத் தகரத்துல ரொம்ப சத்தம் வரும். அம்மா வாய் மட்டும் அசையும், என்ன திட்டறாங்கன்னே கேக்காது. அதனால எனக்கு மழை பிடிக்கும்." மிஸ் அதைக் கோடு போட்டு அடிச்சுட்டு, "நோட்ஸில் உள்ளபடி எழுதவும்"னு சிவப்பு மையில எழுதி, பத்துக்கு மூணு போட்டிருக்காங்க. அன்னைல இருந்து அவ நோட்ஸை அப்படியே ஒப்பிக்கறா, மார்க்கும் வருது. எனக்குத்தான் மனசு கேக்கல.

பள்ளிக்கூடம் படைப்பாற்றலைக் கொல்லுதான்னு கென் ராபின்சன்ங்கற கல்வியாளர் பேசின வீடியோவைப் பார்த்தேன். ராமானுஜனே ஸ்கூல்ல பெயிலானவர்தானே, தாகூர் ஸ்கூலுக்கே போகலையேன்னு என் தம்பி சொல்றான். நானும் அவரும் கம்பெனி வேலைக்குப் போறவங்க. நான் வேலையை விட்டுட்டாவது பொண்ணை வீட்டுலயே வெச்சுப் படிக்க வைக்கலாமான்னு தோணுது. நீங்க என்ன நினைக்கறீங்க?

அன்புடன்,
ஒரு வாசகி

பதில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க பொண்ணு எழுதின அந்த மூணு வரியை எங்க வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். நானும் தகரத்துக்குக் கீழ வளர்ந்தவன்தான், மழை பெஞ்சா பக்கத்துல இருக்கறவங்க பேசறது கூட கேக்காதுங்கறது எனக்கும் சின்ன வயசுல இருந்தே தெரியும், ஆனா அப்ப திட்டும் கேக்காதே, அதனாலதான் மழை பிடிக்குதுன்னு இத்தனை வருஷம் எழுதியும் எனக்குத் தோணவே இல்ல. அதுக்குப் பத்துக்கு மூணுன்னு படிச்சப்ப நெஞ்சு கனத்துப் போச்சுங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இனிமே நான் பள்ளிக்கூடத்துக்காகத்தான் பேசப் போறேன், அந்தச் சிவப்புக் கோட்டுக்காகப் பேசறேன்னு நீங்க நினைச்சுடக் கூடாது.

தம்பி சொன்னதுல இருந்து ஆரம்பிக்கறேன். ராமானுஜன் பள்ளிக்கூடத்துல பெயிலாகல. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல அவர் கணக்குக்காகப் பரிசு வாங்கினவர், 1904ல அந்தப் பரிசைக் குடுக்கறப்ப ஹெட்மாஸ்டர் கிருஷ்ணசாமி ஐயர், இந்தப் பையனுக்கு முழு மார்க் போட்டாலும் பத்தாதுன்னு சொன்னார். அடி விழுந்தது அதுக்கப்புறம்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில ஸ்காலர்ஷிப்போட சேர்ந்தவர், மத்த பாடத்தைத் தொடாம கணக்கே போட்டுட்டு இருந்ததால ஸ்காலர்ஷிப் போச்சு, பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில சேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தோட எஃப்.ஏ. பரீட்சையில, அதாவது டிகிரிக்கு முந்தின பரீட்சையில, ரெண்டு தடவை தவறினார், கணக்குல எவ்வளவு வாங்கினாலும் மத்த பாடத்துல போனா மொத்தமா போச்சுங்கறதுதான் விதி. அதே சென்னைப் பல்கலைக்கழகம்தான் 1913ல, டிகிரியே இல்லாத அவருக்கு, மாசம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்துச்சு. அவரைத் தூக்கி விட்டதும் கல்வி நிறுவனம்தான், தள்ளி விட்டதும் கல்வி நிறுவனம்தான். தாகூரும் ஸ்கூலுக்குப் போனவர்தான், ஒட்டல, ஒண்ணு மாத்தி ஒண்ணு போய்ப் பார்த்துட்டு விட்டுட்டார். ஆனா அந்த மனுஷன் நாப்பது வயசுல, 1901ல, சாந்திநிகேதன்ல என்ன பண்ணினார்? மரத்தடியில பிள்ளைங்களை உக்கார வெச்சு ஒரு பள்ளிக்கூடத்தை ஆரம்பிச்சார். பள்ளிக்கூடமே வேண்டாம்னு அவர் முடிவு பண்ணல பாருங்க.

நீங்க பார்த்த அந்தப் பேச்சு 2006ல பேசினது. அதுல ஜில்லியன் லின்னு ஒரு நடனக் கலைஞரைப் பத்தி ஒரு கதை வரும், ஞாபகம் இருக்கா? சின்ன வயசுல கிளாஸ்ல ஒரு இடத்துல உக்காரவே மாட்டாங்க, பள்ளிக்கூடத்துல புகார் வருது, அம்மா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க, டாக்டர் ரேடியோவைப் போட்டுட்டு அம்மாவை வெளிய கூட்டிட்டு வந்து நின்னு பார்த்தா பொண்ணு எழுந்து ஆடிட்டு இருக்கு. நிறையப் பேர் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரான கதையா எடுத்துக்கறாங்க. ஆனா அந்த டாக்டர் என்ன சொன்னார்? டான்ஸ் ஸ்கூல்ல சேர்த்து விடுங்கன்னார். ஸ்கூல்! அங்கயும் வாத்தியார் உண்டு, வரிசை உண்டு, ஒரே அடவை நூறு தடவை பண்ணச் சொல்ற கண்டிப்பு உண்டு, வீட்டுல சும்மா ஆடிட்டு இருந்திருந்தா அவங்க அந்த உயரத்துக்குப் போயிருப்பாங்கன்னு நான் நம்பல. ராபின்சன் கேட்டதே பள்ளிக்கூடத்தை மாத்துங்கன்னுதான், உலகம் முழுக்க மேல கணக்கும் மொழியும், கடைசியில கலைகள்னு அடுக்கி வெச்சிருக்கற அந்த வரிசையைத்தான் அவர் கேள்வி கேட்டார்.

என் கதையைச் சொல்றேன். நான் படிச்சது கிராமத்து அரசு உயர்நிலைப்பள்ளி, எங்க வீட்டுல பஞ்சாங்கத்தைத் தவிர அச்சடிச்ச எதுவும் கிடையாது. எட்டாவதுல ஒரு தமிழ் ஐயா இருந்தார், மனப்பாடப் பகுதியைக் கரெக்டா ஒப்பிக்கலைன்னா விடவே மாட்டார், சாயங்காலம் ஆறு மணி ஆனாலும் உக்கார வெச்சிருப்பார். இதைக் கேட்டா இப்ப எல்லாரும் ஐயையோ மனப்பாடமான்னு கேப்பாங்க. ஆனா வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல அவர் ஒண்ணு பண்ணுவார், அந்த வாரம் ஒப்பிச்ச பாட்டுல இருந்து ஒரு வார்த்தையை எடுத்து உங்க வீட்டைப் பத்தியோ ஊரைப் பத்தியோ ஒரு வரி சொல்லுன்னு ஒவ்வொருத்தரா எழுப்புவார். ஒரு வாரம் "இமிழ் கடல்"னு ஒரு பாட்டுல வந்துச்சு, இமிழ்னா ஒலிக்கறதுன்னு அர்த்தம். என் பக்கத்துல உக்காந்திருந்தவன் தறிக்காரர் பையன், படிப்புல சுமார், அவன் எழுந்து "எங்க தறி ராத்திரியெல்லாம் இமிழும் ஐயா"ன்னான். கிளாஸே அமைதியாயிடுச்சு. ஐயா அதை அவன் பேரோட போர்டுல எழுதினார், அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரையும் அழிக்க விடல. அவன் எழுத்தாளன் ஆகல, இன்னைக்கும் தறிதான் ஓட்டறான், போன வருஷம் ஒரு கல்யாணத்துல பார்த்தப்ப, அந்த இமிழ் ஞாபகம் இருக்காடான்னு அவனேதான் கேட்டான்.

அந்தப் பழைய வார்த்தை அவனுக்கு எங்க இருந்து கிடைச்சுது சொல்லுங்க. அவன் வீட்டுல கிடைச்சிருக்காது, என் வீட்டுலயும் கிடைச்சிருக்காது. உருப்போட்டதாலதான் அது வாய்க்குள்ள இருந்துச்சு, ஒருத்தர் கேட்டதாலதான் வெளிய வந்துச்சு. புத்தகம் நிறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் ஒரு இடைஞ்சலா இருக்கலாம், எங்களை மாதிரிப் பிள்ளைங்களுக்கு அது ஒண்ணுதான் வாசல். அதே பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் கழிச்சு வரலாறு விடையை என் சொந்த வாக்கியத்துல எழுதினதுக்காக இன்னொரு ஆசிரியர் என்னை பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சார், அதையும் நான் மறக்கல. ஒரே கட்டடம், ஒரே மணி, ஒரே புத்தகம்தான்.

அப்ப எதுதான் குத்தம்னா, என் அனுபவத்துல, பிள்ளை எழுதினதைப் படிக்கறதுக்கு மார்க்கைத் தவிர வேற ஆளே இல்லாமப் போறதுதான். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில ஒரு கேள்வி உண்டு, "மரம் இயற்கையின் வரம்"ங்கற கட்டுரைப் போட்டியில மாநில அளவுல முதல் பரிசு வாங்கின தோழனை வாழ்த்தி மடல் எழுதுன்னு. வருஷத்துக்கு ஒன்பது லட்சத்தை ஒட்டின பிள்ளைங்க அந்தப் பரீட்சை எழுதறாங்க, அத்தனை பேரும் இல்லாத ஒரு தோழனுக்கு எழுதப் பழகற லெட்டர் அது, நலம் நலமறிய ஆவல்ல ஆரம்பிச்சு உறைமேல் முகவரி வரைக்கும் ஒரே அச்சு. சரி, கடிதம்னா ஒரு வடிவம் இருக்கத்தான் செய்யும்னு விட்டுடலாம். இன்னொரு கேள்வியைப் பாருங்க, "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக"ன்னு ஒரு படத்தைக் குடுத்துடுவாங்க, அஞ்சு மார்க். இதைவிட நல்ல கேள்வி ஒரு மொழிப் பரீட்சையில இருக்க முடியுமா! பிள்ளை தன் கண்ணால பார்த்துத் தன் வாயால சொல்லட்டும்னு நினைச்ச யாரோ ஒரு நல்ல மனசு வெச்ச கேள்வி அது. அதுக்கு நடந்தது என்ன தெரியுமா, எந்தப் படம் வந்தாலும் பொருந்தற மாதிரி ஒரு கவிதையை ரெடி பண்ணி, மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான கையேட்டுல போட்டு, அதை மனப்பாடம் பண்ண வைக்கறாங்க. நானே அந்தத் தாளைக் கையில வாங்கிப் பார்த்தேன், பிள்ளை படத்தைப் பார்க்கவே வேண்டியதில்ல.

இதை அந்த ஆசிரியர்கள் மேல கோபமா சொல்லலைங்க. என் நண்பன் ஒருத்தன் அரசுப் பள்ளியில தமிழாசிரியர், எழுத்துக் கூட்டத் தடுமாறற பையனை வெச்சுக்கிட்டு அவன் பாஸ் ஆகணுமேன்னு ராத்திரி தூங்காம யோசிக்கறவன், அந்த ரெடிமேட் கவிதையை அவனும்தான் குடுக்கறான். விடைத்தாள் திருத்தற முகாம்ல காலையில ஒரு கட்டு மதியம் ஒரு கட்டுன்னு கையில விடைக்குறிப்போட உக்காந்து திருத்தறப்ப, குறிப்புல இல்லாத ஒரு நல்ல வரி வந்தா மனசு சந்தோஷப்படும், கை என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கும்னு அவன் சொல்வான். உங்க பொண்ணோட மிஸ்ஸும் அந்தக் கைக்காகத்தான் அவளை இப்பவே பழக்கறாங்க, அதுக்கு மேல அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். நம்ம மேற்கு மாவட்டத்து ஹாஸ்டல் பள்ளிகள்ல பிளஸ் ஒன் பாடத்தையே விட்டுட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை ஓட்டினதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை நிறுத்தத்தான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்துச்சு, 2025 மாநிலக் கல்விக் கொள்கையோட அதுவும் போயிடுச்சு. ஒரு பரீட்சையைச் சரி பண்ண இன்னொரு பரீட்சையைத்தான் நாம எல்லாரும் நம்பறோம்.

காசுல பார்த்தா இன்னும் தெளிவா தெரியும். 2012ல நம்ம அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வின்னு சொல்லி 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க, சம்பளம் மாசம் 5,000 ரூபா. வாரத்துல கொஞ்ச நேரம் வந்துட்டு மீதி நாளைக்கு வேற பொழப்பு பார்க்கணும். ஏன் பகுதிநேரம்னா, 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலயே அப்படித்தான் இருக்கு, ஆறுல இருந்து எட்டாவது வரைக்கும் 100 பிள்ளைங்களுக்கு மேல இருந்தாதான் கலைக்கு ஒரு பகுதிநேர ஆளு. 60 பிள்ளைங்க படிக்கற கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சட்டப்படியே டிராயிங் சார் கிடையாது. தனியார் பள்ளியிலயோ டிராயிங் பீரியடை மேக்ஸ் சார் கடன் வாங்கிக்குவார், திருப்பிக் குடுக்க மாட்டார். இப்படி வெச்சுக்கிட்டு பிள்ளைங்களுக்குக் கற்பனையே இல்லைன்னு நாமளே சொல்லிக்கறோம், எனக்கு அடங்காத ஆத்திரம் வர்ற இடம் இதுதான்.

ஆனா வேற மாதிரி நடத்திக் காட்டினதும் அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றலை, அதாவது பிள்ளைங்க அட்டைகளை எடுத்து ஏணி மாதிரி படிப்படியா அவங்கவங்க வேகத்துல படிக்கற முறையை, கொண்டு வந்தாங்க, அப்ப அங்க கமிஷனரா இருந்த எம்.பி.விஜயகுமார் முன்னால நின்னார், ஆந்திராவுல இருக்கற ரிஷிவேலிப் பள்ளிக்காரங்க கிராமத்துப் பள்ளிகள்ல செஞ்சு பார்த்த முறைதான் அதுக்கு முன்மாதிரி, 2007-08 வாக்குல மாநிலம் முழுக்கப் பரவுச்சு. அட்டைகள், ஏணிப்படி எல்லாம் விடுங்க, அது போகப் போக எந்திரத்தனமாச்சுங்கற குறையும் உண்மைதான். எனக்கு அதுல மறக்க முடியாதது அந்தக் கரும்பலகை. சுவத்தைச் சுத்தி, பிள்ளை தரையில உக்காந்தா கைக்கு எட்டற உயரத்துல, ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு இடம்னு பிரிச்சு விட்டிருந்தாங்க. எங்க ஊர் தொடக்கப்பள்ளியில ஒரு ரெண்டாவது பாப்பா தன் இடத்துல ஒரு ஆட்டை வரைஞ்சு, அதுக்குக் கீழ "இது வித்தாச்சு"ன்னு எழுதி வெச்சிருந்ததை நான் பார்த்தேன். அந்த ரெண்டு வார்த்தையை அந்தக் குழந்தைக்கு எழுதக் கத்துக் குடுத்தது பள்ளிக்கூடம், அதை எழுத சுவத்துல இடம் விட்டதும் பள்ளிக்கூடம்.

அதனால தங்கச்சி, வேலையை விடாதீங்க, பொண்ணை நிறுத்தாதீங்க. வீட்டுல வெச்சுப் படிக்க வைக்கறவங்க இருக்காங்க, பதினாலு வயசு ஆனா தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமா பத்தாவது எழுதலாம், ஆனா அங்கயும் கடைசியில பரீட்சைதான், அது வரைக்கும் அவளுக்கு அந்தக் கிளாஸ்ல இருக்கற முப்பது நாப்பது பேர் இருக்க மாட்டாங்க, தகரத்துச் சத்தம் தெரிஞ்ச இன்னொரு பொண்ணு அதுல நிச்சயம் இருப்பா. மிஸ்ஸைப் போய்ப் பாருங்க, சண்டைக்குப் போக வேண்டாம், அவளோட தமிழ்ப் புத்தகத்தையே எடுத்துட்டுப் போங்க. மெட்ரிக் பள்ளியிலயும் 2011ல இருந்து சமச்சீர்ப் புத்தகம்தானே, ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாடியும் "கற்பவை கற்றபின்"னு ஒரு பகுதி இருக்கும், பிள்ளைங்களைப் பேசு, எழுது, வரைன்னு கேக்கற இடம், அதைக் காட்டி, வாரத்துல ஒரு தடவை மார்க் போடாம பிள்ளைங்களை எழுதச் சொல்லிக் கிளாஸ்ல படிக்க விடுங்க மிஸ்னு கேட்டுப் பாருங்க. அவங்களும் ஒரு காலத்துல தமிழைப் பிடிச்சுத்தானே படிச்சிருப்பாங்க. மாட்டேன்னுட்டாங்கன்னா விடுங்க, பொண்ணுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் குடுங்க, டெஸ்ட்ல நோட்ஸ்படி எழுது, இதுல உன் மழையை எழுதுன்னு அவகிட்ட வெளிப்படையாவே சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு இந்த ரெண்டும் வேற வேறன்னு புரியும். அந்த நோட்டுல சிவப்புப் பேனா படக் கூடாது, உங்க பேனா கூட. நீங்க கம்பெனி முடிஞ்சு வந்து அவ படிக்கறதைக் கேட்டா மட்டும் போதும்.

ஒண்ணே ஒண்ணு எனக்காக அவகிட்ட கேளுங்க. மழை நின்னதும் தகரத்துச் சத்தமும் நின்னுடும், அம்மா குரல் மறுபடி கேக்க ஆரம்பிக்கும் இல்லையா, அப்ப நீங்க முதல்ல என்ன சொன்னது அவ காதுல விழுந்துச்சு? அவளையே எழுதி அனுப்பச் சொல்லுங்க, காத்துட்டு இருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்