மூன்று ஊசி பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: ஐந்து மாதமாக இடுப்பு வலி, கால் வரை இறங்குகிறது. புனலூர் பக்கம் ஒரு பெயின் கிளினிக்கில் மூன்று ஊசிக்கும் சேர்த்து இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா? (செங்கோட்டை)

பதில்: கட்டாதீர்கள். முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியை மூட்டை விலைக்கு விற்பதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒன்று போட்டு இரண்டு, மூன்று வாரம் பார்க்க வேண்டும். அது நன்றாகக் கேட்டு, பிறகு வலி திரும்பினால்தான் இரண்டாவதைப் பற்றிப் பேச்சு. சரியான இடத்தில் போட்டும் துளி பலன் இல்லையென்றால் அதையே மறுபடி போடுவதில் அர்த்தமில்லை. அப்படியிருக்க, மூன்றாவது ஊசிக்கு இன்றைக்கே எதற்குப் பணம்?

இந்த ஊசி நரம்பைச் சுற்றிய வீக்கத்தைக் குறைக்கும். பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளாது. காலுக்கு இறங்கும் வலிக்குத்தான் அதிகம் கேட்கும், வெறும் இடுப்பு வலிக்குக் குறைவு. பலன் சில வாரம், சில மாதம். சி-ஆர்ம் என்ற, ஊசி போகும்போதே படம் காட்டும் எக்ஸ்ரே மிஷினில் பார்த்து, டை (சாயம்) செலுத்தி இடத்தை உறுதி செய்கிறார்களா என்று கேளுங்கள். சர்க்கரை இருந்தால் சில நாள் ஏறும்; வீட்டிலேயே தினமும் பாருங்கள். க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம். ஆனால் இதய டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தவும் கூடாது.

இன்னொன்று. வலியே இல்லாத பலரின் எம்ஆர்ஐ-யிலும் டிஸ்க் பிதுக்கம் தெரியும். காலைத் தூக்கிப் பார்க்காமல், கால் கட்டைவிரல் பலத்தைச் சோதிக்காமல், ஃபிலிமை மட்டும் காட்டித் தேதி குறிக்கிறவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ரேடியோ அலையால் நரம்பைச் சுடும் சிகிச்சை என்றால், முதலில் மரப்பு ஊசி போட்டுச் சோதித்தார்களா என்று கேளுங்கள். அந்தச் சில மணி நேரத்தில் வலி பாதிக்கும் மேல் குறையாவிட்டால் சுட்டும் பயனில்லை.

கேள்வி: அப்பாவுக்கு முதுகு வலி. நேற்றிலிருந்து சிறுநீர் போகவில்லை, தொடை இடுக்கு மரத்துவிட்டது. பெயின் கிளினிக்கில் அடுத்த வாரம்தான் அப்பாயிண்ட்மெண்ட். (களியக்காவிளை)

பதில்: போனிலேயே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. இது ஊசிக்குக் காத்திருக்கும் வலி இல்லை. அன்றே எம்ஆர்ஐ-யும் முதுகுத்தண்டு அறுவை டாக்டரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போகலாம்.

கேள்வி: பில்லில் சி-ஆர்முக்கு 6,000 ரூபாய். அம்மாவை ஊசிக்கு அழைத்துப்போன அறையில் அப்படி ஒரு மிஷினே இல்லை. கேட்டால் விரட்டுகிறார்கள். (கூடலூர், தேனி)

பதில்: உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம். விடாதீர்கள். சி-ஆர்ம் ஓடியிருந்தால் படம் எடுத்து வைத்திருப்பார்கள். அந்தப் படத்தையும் கேஸ் ஷீட்டின் நகலையும் எழுத்தில் கேட்டு, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மருத்துவப் பதிவேட்டின் நகலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர் நடத்தை விதி. தராவிட்டால் அதுவே உங்கள் கையில் ஒரு ஆதாரம். ஆஸ்பத்திரி கேரளாவில் இருந்தாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது.

கேள்வி: வலி போக்கும் மிஷின் 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில் வாங்கவில்லை. திருப்ப முடியுமா? (கம்பம்)

பதில்: பில் இல்லாமல் யாரிடம் போய் நிற்பீர்கள்? ஜிபே-யில் கட்டியிருந்தால் அந்தப் பதிவோடு 1915-க்கு அழையுங்கள். ரொக்கம் என்றால் வழி குறைவு. என் வீட்டிலும் ஒரு டென்ஸ் மிஷின் (தோல் வழியே லேசான மின்சாரம் செலுத்துவது) கிடக்கிறது. தோலில் ஒட்டும் மாற்று பேட் எங்கேயும் கிடைக்கவில்லை. பேட் கிடைக்குமா என்று தெரியாமல் எந்த மிஷினையும் வாங்காதீர்கள்.

கேள்வி: அக்காவுக்குப் புற்றுநோய் வலி. டிராமடால் போதவில்லை. மார்ஃபின் பழக்கமாகிவிடும் என்று பயம். தோலில் ஒட்டும் விலை கூடிய வலி மருந்து பேட்ச் வாங்கலாமா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: பேட்சில் ஆரம்பிக்கக் கூடாது. ஃபென்டனில் பேட்ச், ஏற்கெனவே மார்ஃபின் வகை மருந்து உடலுக்குப் பழகி, அளவு நிலைத்தவர்களுக்கு. ஒட்டிய இடத்தில் சூடு பட்டால் மருந்து அதிகமாக உடலில் ஏறும். மார்ஃபின் மாத்திரை மலிவு. டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது புற்றுநோய் வலிக்கு அந்தப் பயம் தேவையில்லை. மலச்சிக்கலுக்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேளுங்கள். 2008-லேயே வலி தணிப்புக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்த கேரளாவில் இருக்கிறீர்கள். உங்கள் பஞ்சாயத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) நர்ஸைக் கேளுங்கள், வீட்டுக்கே வருவார்கள். அக்கா வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம், நாளைக்கே போங்கள்.